பாப்பாத்தி வீட்டு மாடி

கலையரசிக்குத் தண்ணீர் என்றாலே சந்தேகம். குடிக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர், கோயில் தீர்த்தம், எதைக் கொடுத்தாலும் ஒரு கண்ணைச் சுருக்கி உள்ளே பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். செட்டிகுளம் மலைக்கோயிலில் ஒருதரம் தீர்த்தம் வாங்கிய கையை வெயில் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "என்னம்மா தேடுற? முருகன் அதுக்குள்ளயா இருக்காரு?" என்று பூசாரி கேட்டே விட்டார்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ஆறு வருஷமாகப் பெரம்பலூர் டவுனில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கொசுப்புழு தேடுகிறவள் அவள். தினக்கூலி, ஒப்பந்த வேலை. செட்டிகுளத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்தால் சாயங்காலம் வரைக்கும் நடைதான். தோளில் ஒரு பை. அதற்குள் டார்ச், வெள்ளை அகப்பை, மருந்துப் பாட்டில், சாக்பீஸ். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டுகிற தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, கொல்லையில் கிடக்கிற கொட்டாங்கச்சி, பழைய டயர், இதெல்லாம் மற்றவர்களுக்குச் சாமான். அவளுக்கு ஒவ்வொன்றும் திருடன் ஒளிந்திருக்கிற இடம். பார்த்து முடித்ததும் வாசல் நிலைக்குப் பக்கத்துச் சுவரில் தேதி போட்டு, கீழே 'க' என்று எழுதுவாள். அந்த வீட்டில் புழு இல்லை என்று கலையரசி சத்தியம் செய்து கொடுத்த மாதிரி அது.

ஜனங்கள் லேசுப்பட்டவர்களா? புழு இருந்தால் அண்டாத் தண்ணீரைக் கவிழ்த்துவிடுவாள் என்று தெரிந்து ஒளித்து வைப்பார்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து குடத்தை இழுத்திருக்கிறாள். துணி மூட்டைக்குப் பின்னால் வாளியைக் கண்டுபிடித்திருக்கிறாள். இப்படியே பார்த்துப் பார்த்து அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. புருஷன் சாமிதுரை அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். அவன் போன் பண்ணினால் பேச்சைக் கேட்க மாட்டாள், பின்னால் வருகிற சத்தத்தைத்தான் கேட்பாள்.

"பொம்பளக் குரலு கேக்குதே?"

"டீக்கட ரேடியோடி."

"ரேடியோவுல இருமுவாங்களா?"

இப்பேர்ப்பட்டவள் உள்ளே எட்டிப் பார்க்காமல் வாங்கிக் குடிக்கிற பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கிணற்றடித் தெரு எட்டாம் நம்பர் பாப்பாத்தி அக்கா கொடுக்கிற மோர்.

அது புரட்டாசி மாசம். நாலு நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கிணற்றடித் தெருவில் பத்து நாளைக்குள் ஆறு பேருக்குக் காய்ச்சல். ஆறும் ஒரே மாதிரி, கண்ணுக்குப் பின்னால் வலியும் எலும்பை முறிக்கிற நோவும். காலையில் ஆபீஸில் பையை எடுக்கப் போனவளை மேற்பார்வையாளர் அறிவரசன் நிறுத்தி வைத்தார்.

"அம்பத்திரெண்டு வூட்லயும் உன் தேதி இருக்கு. புழு இல்லன்னு எழுதியிருக்க. அப்புறம் கொசு என்ன பஸ் ஏறியா வந்துச்சு?"

"சார், நான் ஒவ்வொரு வூடா..."

"எனக்குக் கம்ப்ளெய்ண்ட் வந்திருக்கும்மா. நீ பாக்காமலே தேதி போடுறன்னு. நாளைக்குக் காலைல பெரிய ஆபீஸ்லேர்ந்து ஆளுங்க வந்து தெரு பூரா பாக்கப் போறாங்க. உன் தேதி இருக்கிற வூட்ல ஒரு புழு கெடச்சாலும் உன் பேரு லிஸ்ட்ல இருக்காது. இன்னக்கி ஒரு நாள் உனக்கு. போ."

கலையரசிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தன்னைப் போய் ஒருவன் சொல்லிவிட்டானே! ஆத்தா செட்டிகுளத்தில் ஊரான் காட்டில் சின்ன வெங்காயம் பிடுங்கியே முதுகு கூனிப் போனவள். இவளும் பன்னிரண்டாவது முடித்துவிட்டு அதே காட்டில் நாலு வருஷம் குனிந்திருக்கிறாள். நிமிர்ந்து நடக்கிற வேலை என்று கிடைத்தது இது ஒன்றுதான். இதுவும் போனால் மறுபடி வெங்காயக் காடு. போட்டுக் கொடுத்தவன் எவன்? அதுதான் முதலில் தெரிய வேண்டும். புழு இரண்டாவது.

அன்றைக்கு அந்தத் தெருவை அவள் நடந்த நடை இருக்கிறதே, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நடந்தாள். ஒன்றாம் நம்பர் வீட்டில் மணி பிளான்ட் பாட்டிலைக் கவிழ்த்தாள். மூன்றாம் நம்பரில் கிழிந்த தார்ப்பாய் மடிப்பை விரித்து உதறினாள். ஐந்தாம் நம்பரில் உள்ளே போக விடாமல் வாசலிலேயே பேச்சுக் கொடுத்த அம்மாளை, "பேசிக்கிட்டே இருங்க, காது கேக்கும்" என்று ஒதுக்கிவிட்டுக் கொல்லைக்குப் போனாள். எங்கும் ஒரு புழு இல்லை. சிரித்தவர்களைப் பார்த்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றியது. முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர்கள்தான் கம்ப்ளெய்ண்ட் கொடுத்தவர்கள் என்றும் தோன்றியது.

தெருவின் கடைசியில் திடல். தீபாவளிக்கு முந்திய கண்காட்சி போட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் அங்கே ஒளிக்காட்சி என்று ஒரு வாரமாக ஆட்டோவில் கத்திக்கொண்டு போனார்கள். தண்ணீரைத் திரை மாதிரி பீச்சியடித்து அதன்மேல் படம் காட்டுவார்களாம். தண்ணீர்! கலையரசி விடுவாளா? நேரே போய் அவர்கள் தொட்டிக்குள் தலையை விட்டாள். வெளியூர் ஆள் ஒருவன் ஓடி வந்தான்.

"ஷோ ஆறரைக்குத்தான்க்கா."

"ஷோவ யாரு கேட்டா? இந்தத் தண்ணி எத்தன நாளாச்சு?"

"நேத்து ராத்திரி ஊத்துனது. குளோரின் போட்டிருக்கு. மோந்து பாருங்க."

மோந்து பார்த்தாள். குளோரின் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. அகப்பையை விட்டு நாலுதரம் அள்ளிப் பார்த்தும் ஒன்றும் இல்லை. வெளியூர்க்காரன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறானே, அதுவே சரியில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பினாள்.

மத்தியானம் ஒரு மணிக்குக் கால் தானாக எட்டாம் நம்பரில் நின்றது. மூன்று வருஷப் பழக்கம். பாப்பாத்தி அக்கா தையல்காரி. ஐம்பது வயது, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். முதல்நாளே, "வெயில்ல நாய் கூட நடக்காது, நீ நடக்குற. உள்ள வந்து சோத்தத் தின்னு" என்று கையைப் பிடித்து இழுத்தவள். அன்றிலிருந்து கலையரசி தூக்குச் சட்டியைத் திறப்பது அந்த வீட்டு ஃபேனுக்கு அடியில்தான். சாப்பிட்டு, மோர் குடித்து, கால் மணி நேரம் காலை நீட்டிவிட்டு, போகும்போது வாசலில் தேதி போட்டுவிட்டுப் போவாள். அந்த வீட்டில் அவள் டார்ச்சை எடுத்ததே இல்லை. மோர் கொடுத்த வீட்டில் போய் மூலை முடுக்கைத் துழாவினால் என்ன மரியாதை?

பாப்பாத்தி அக்காவின் மருமகள் கவியா ஏழு மாசம். பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"என்னம்மா, எந்திரிக்கக் காணோம்?"

"ஒடம்பு அசதியா இருக்கு கலைக்கா."

"புள்ளத்தாச்சின்னா அப்புடித்தான் இருக்கும்" என்று மாமியார் மிஷினை மிதித்துக்கொண்டே சொன்னாள்.

கலையரசிக்குக் கணுக்காலில் சுருக்கென்றது. பட்டென்று அடித்தாள். உள்ளங்கையில் செத்துக் கிடந்தது, காலில் வெள்ளை வரி போட்ட கொசு. டெங்கு பரப்புகிற அந்தச் சாதியேதான்! அது ரொம்ப தூரம் பறக்காது, பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சுற்றும் என்று அவளுக்கு மனப்பாடம். மெல்லத் தலையைத் திருப்பி ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டைப் பார்த்தாள்.

"ஒம்பதாம் நம்பரு" என்றாள். "இது அந்த வூட்டுக் கொசுக்கா."

"செல்லக்கண்ணு வூடா? அந்த மனுசன் அம்புட்டு சுத்தமால்ல இருப்பாரு?"

"சுத்தமா இருக்குற மாதிரி காட்டுறவங்கதான்க்கா மோசம்."

மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வெளியே வந்து எட்டாம் நம்பர் சுவரில் அன்றைய தேதியைப் போட்டு 'க' எழுதினாள். நேராக ஒன்பதாம் நம்பர் கேட்டைத் தட்டினாள்.

செல்லக்கண்ணு அரியலூர்ப் பக்கம் சுரங்கத்தில் டைம்கீப்பராக இருந்து ரிடையர் ஆனவர். அவளைக் கண்டதும், கேட்காமலே, "எங்க மாடியில ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது" என்றார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது இதுதானே! கலையரசி விறுவிறுவென்று படியேறினாள். மாடி துடைத்து விட்ட மாதிரி இருந்தது. டேங்க் மூடியை ஒரு கம்பி போட்டுக் கட்டியிருந்தார். அதையும் அவிழ்க்கச் சொல்லி டார்ச் அடித்தாள். ஒன்றும் இல்லை. இறங்கி வந்தவளை அவர் படியடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, என் வூட்டு மாடி ஏறிட்ட. சந்தோசம். எல்லா வூட்டு மாடியிலயும் இப்புடி ஏறுவியா?"

"ஏறாம?"

"ஏறுனா சரி" என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

புரிந்துவிட்டது. இவன்தான் போட்டுக் கொடுத்தவன். பேச்சில் என்ன குத்தல் பார்! கலையரசிக்குக் காது மடல் சூடேறியது. அவர் வீட்டை மறுபடி ஒருதரம், சாயங்காலம் இன்னொருதரம் என்று மூன்று தடவை பார்த்தாள். கிணற்றடித் தெரு ஐம்பத்திரண்டு வீட்டில் ஐம்பத்தொன்றையும் தலைகீழாகக் கவிழ்த்து முடித்தபோது மணி ஆறு. முட்டிக்குக் கீழே கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. புழுவும் கிடைக்கவில்லை. நாளைக்கு வருகிறவர்களுக்கு எங்கே கிடைக்கப் போகிறதோ என்று பயந்துகொண்டே பையை மூடினாள்.

"கலை! இங்க வா!" பாப்பாத்தி அக்கா மாடியிலிருந்து கூப்பிட்டாள். "கூட்டத்துல போயி எதுக்கு இடிபடணும்? எங்க மாடியிலேர்ந்து பாத்தா அப்புடியே தெரியும். பாத்துட்டு ஏழரை பஸ்ஸுக்குப் போ."

மூன்று வருஷத்தில் முதல்தரமாகக் கலையரசி அந்தப் படியில் கால் வைத்தாள். நாலைந்து பக்கத்து வீட்டுப் பெண்கள் கைப்பிடிச் சுவரோரம் நின்றார்கள். கவியா பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தாள். திடலில் விளக்கெல்லாம் அணைந்தது. தண்ணீர் திரையாக எழும்பி நின்றது. சர்ரென்று பச்சை லேசர் வெளிச்சம் வானத்தை வெட்ட, தெருவே ஓவென்று கத்தியது.

முதலில் கடல் வந்தது. பெரம்பலூரும் அரியலூரும் பல கோடி வருஷத்துக்கு முன்னால் கடலாக இருந்ததாம். சுருள் சுருளாக ஓடு வைத்த பிராணிகள் நீந்திப் போயின. "குடிக்கத் தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா வருது, இவன் கடலக் காட்டுறான் பாரு" என்றாள் பாப்பாத்தி அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். கலையரசியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, பழக்கதோஷம், மாடியை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

டேங்க் மேடைக்குக் கீழே, நிழலான மூலையில், பாதியாக அறுத்த நீல டிரம் ஒன்று இருந்தது. விளிம்பு வரை தண்ணீர். லேசர் திரும்பி மாடியைத் தடவியபோது அந்தத் தண்ணீர் பச்சையாக மின்னியது. மின்னியதும் மேல்மட்டம் முழுக்கக் குமுறிக் கீழே ஓடியது. வெளிச்சம் போனதும் தண்ணீர் அமைதியானது. சிவப்பு வந்தது, மறுபடியும் குமுறல்.

அது என்னவென்று கலையரசிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெளிச்சம் பட்டால் புழு அடிக்கு ஓடும். டார்ச் அடித்து ஆறு வருஷமாக அவள் பார்க்கிறது அதைத்தான். ஒன்று இரண்டு இல்லை, ஆயிரக்கணக்கில் இருந்தது.

"அக்கா, இது என்ன?" என்றாள்.

"அதுவா? காக்கா குருவிக்கு வச்சது. சித்திரைலேர்ந்து வச்சிருக்கேன். கொறயக் கொறய தெனம் புதுத் தண்ணி ஊத்திருவேன்" என்றாள் பாப்பாத்தி அக்கா, கண்ணைக் காட்சியிலிருந்து எடுக்காமல். கவிழ்த்துக் கழுவவே இல்லை, மேலே மேலே ஊற்றியிருக்கிறாள். நல்ல தண்ணீர், நிழல், அசைவில்லாத மூலை. அந்தக் கொசு வேறென்ன கேட்கும்?

எல்லாருடைய முகமும் வானத்தில் இருந்தது. காலால் ஒரு தள்ளு தள்ளினால் போதும். தண்ணீர் மழைநீர்க் குழாயில் இறங்கி ஓடிவிடும். காலையில் வருகிறவர்கள் காய்ந்த டிரம்மைத்தான் பார்ப்பார்கள். வேலை தப்பும், அக்காவும் தப்பிப்பாள். கலையரசி டிரம் விளிம்பில் கை வைத்துவிட்டாள். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினாள்.

கவியா பார்த்துக்கொண்டிருந்தாள். டிரம்மையும் இல்லை, காட்சியையும் இல்லை. வெறுமனே. முந்தானையைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்தியிருந்தாள். அந்தப் புழுக்கத்தில் அவளுக்குப் பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது. கலையரசி போய் நெற்றியில் கை வைத்தாள். கொதித்தது.

"அக்கா, புள்ளைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போவோம். இப்பவே."

"சும்மா இரு. காத்துல உக்காந்தது. கசாயம் வச்சுக் குடுத்தா சரியாயிரும். இது முடியட்டும்."

சொன்னால் கேட்க மாட்டாள், காட்டினால்தான் கேட்பாள். காட்ட வேண்டுமென்றால் கொட்டக்கூடாது. பையிலிருந்து வெள்ளை அகப்பையை எடுத்தாள். டிரம்மில் ஒரு அள்ளு அள்ளினாள். பாப்பாத்தி அக்காவின் மூக்குக்குக் கீழே நீட்டி டார்ச்சை அடித்தாள்.

"பாருக்கா. இதுதான் தெருவையே கடிக்கிறது. கவியாவயும் இதுதான் கடிச்சிருக்கு."

அகப்பைக்குள் நெளிந்ததைப் பார்த்த பாப்பாத்தி அக்கா சட்டென்று மருமகளின் கையைப் பிடித்தாள். பின்னால் தண்ணீர்த் திரையில் ரஞ்சன்குடிக் கோட்டை வெளிச்சத்தில் எழும்பி நின்றது. ஜனங்கள் கை தட்டினார்கள். இவர்கள் கவியாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியிறக்கினார்கள்.

ஆட்டோவில் போகும்போதே கலையரசி போன் போட்டாள்.

"சார், புழு கெடச்சிருச்சு."

"எந்த வூடு?" என்றார் அறிவரசன்.

"எட்டாம் நம்பரு. மாடியில."

"அங்க உன் தேதி இருக்குமேம்மா."

"இருக்கு சார். இன்னக்கி மத்தியானம் கூடப் போட்டேன். ஏறிப் பாக்காம போட்டேன். மூணு வருசமா ஏறிப் பாக்கல சார்."

அறிவரசன், "பக்கத்து வூட்டுக்காரரு இதத்தாம்மா சொன்னாரு. அந்தம்மா எட்டாம் நம்பர் மாடிக்குப் போறதே இல்லைன்னு" என்றார்.

ஆஸ்பத்திரியில் கவியாவைப் படுக்க வைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். டெங்குதான், நேரத்தில் கொண்டு வந்தீர்கள், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, எட்டு நாள் இருக்கட்டும் என்றார்கள். வராந்தா பெஞ்சில் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டு மோரைக் குடித்துவிட்டு என்னையே காட்டிக் கொடுத்தாயே என்று அக்கா கத்துவாள், அதை வாங்கிக்கொள்ளலாம் என்று கலையரசி காத்திருந்தாள். பாப்பாத்தி அக்கா அதைக் கேட்கவே இல்லை.

"ஊரு பூரா சந்தேகப்பட்ட" என்றாள். "கட்டுன புருசனக்கூட வுடல. என்னைய மட்டும் ஏண்டி நம்புன?"

கலையரசிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

ஆபீஸில் பதினைந்து நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். "தானா வந்து சொன்னதால லிஸ்ட்ல பேரு இருக்கு. இன்னொருக்கா இப்புடின்னா இருக்காது" என்றார் அறிவரசன். பதினைந்து நாளும் அவள் வெங்காயக் காட்டுக்குத்தான் போனாள். பதினாறாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி கிணற்றடித் தெருவுக்கு வந்தாள். முதல் வேலையாக ஒன்பதாம் நம்பரில் நின்று செல்லக்கண்ணுவைக் கும்பிட்டாள். அவர், "மாடி ஏறிப் பாரும்மா, நேத்து மழ பேஞ்சுது" என்றார். ஏறிப் பார்த்தாள்.

எட்டாம் நம்பரைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் இருந்தாள். வாசலில் பாப்பாத்தி அக்கா மோர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். கலையரசி கையை நீட்டினாள். அக்கா டம்ளரைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"மொதல்ல மாடி. அப்புறந்தான் மோரு."

உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த கவியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கலையரசி செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினாள். டேங்க் மூடியைத் திறந்தாள், மேடைக்குக் கீழே டார்ச் அடித்தாள், மூலை மூலையாகப் பார்த்தாள். டிரம் இருந்த இடத்தில் ஒரு சின்ன மண் தட்டு, தேய்த்துக் கழுவி, அன்று காலையில் ஊற்றிய தண்ணீரோடு இருந்தது. அதையும் அகப்பையில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப ஊற்றினாள்.

கீழே வந்து பழைய தேதிகளை முந்தானையால் அழித்தாள். சாக்பீஸை எடுத்துப் புதுத் தேதி போட்டாள். மூன்று வருஷத்தில் அந்தச் சுவரில் அவள் எழுதிய முதல் உண்மையான தேதி அதுதான். பிறகு மோரை வாங்கி, உள்ளே பார்க்காமலே குடித்தாள்.